உதட்டுக்கும் கம்பிக்கும் இடையே

கார் கழிந்து கூதிர் புகுந்திருந்தது. பெய்து முடித்த மழை வானத்தை விட்டு நீங்கியதே ஒழிய, மண்ணை விட்டு நீங்கவில்லை. சுவர்கள் வியர்த்தன. கதவுகள் நீர் குடித்து உப்பி நிலைகளைக் கவ்விக்கொண்டன. கொடியில் கிடந்த துணிகள் காய்வதை மறந்து ஈர வாடையோடு தொங்கின. ஞாயிறு எழுந்ததும் தெரியவில்லை, விழுந்ததும் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே சாம்பல் பூசிய ஒரே வெளிச்சம் தெருவெங்கும் நின்றது. பறவைகள்கூடக் குரலைச் சிக்கனமாகச் செலவிட்டன. பிரிந்தவரை எண்ணி நெட்டுயிர்க்கும் பருவம் என்று பழம்பாடல்கள் இதனைச் சொல்லும். அந்தக் குடும்பத்தில் முந்தைய ஆண்டு பிரிந்து போயிருந்தது ஆள் அன்று, ஒரு குரல்.

குரலுக்கு உரியவளை எல்லாரும் டீச்சர் என்றே அழைத்தனர். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். வாரம் ஒருமுறை பிரார்த்தனைக் கூடத்தில் கித்தாரை மடியிலேந்தி இறைவனைப் பாடுபவள். சென்ற ஆண்டு அவள் கழுத்தில் ஒரு கட்டி எழுந்தது. மருத்துவர் அதை எடுத்தபோது குரலுக்குச் செல்லும் நரம்பு நலிந்துவிட்டது. மயக்கம் தெளிந்து “தண்ணி” என்று அவள் கேட்டது அவளுக்கே கேட்கவில்லை. அதன்பின் மாதக்கணக்கில் பயிற்சி. மூச்சைப் பிடித்து, உதட்டைக் குவித்து, குழந்தையைப் போல ஒற்றை எழுத்திலிருந்து தொடங்கினாள். குரல் திரும்பியது. சிறுத்துத் திரும்பியது, ஆனால் சுருதி கலையாமல் திரும்பியது.

“இரைஞ்சு பாடினீங்கன்னா இதுவும் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க” என்று மருத்துவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினார். இனிப் பாடுவதென்றால் மெல்லத்தான் பாட வேண்டும். பாடாதிருக்கவோ அவளால் ஆகாது.

அதனால்தான் அந்த ஈரக் காலையில் அவள் கித்தார் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணி வீட்டுக்கு வந்தாள். அண்ணி கித்தார் பழுது பார்ப்பவள், தெருவுக்கெல்லாம் கித்தார்க்காரி. வீட்டின் முன்னறைதான் பட்டறை. கழுத்து ஒடிந்தவையும் வயிறு வெடித்தவையுமாக வாத்தியங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. மேசைமேல் உளிகளும் பசைக் குப்பியும், காற்றின் ஈரத்தை முள்ளால் காட்டும் வட்டக் கருவியும் இருந்தன. அந்தப் பருவத்தில் அவள் தன் கணவனைவிட அந்த முள்ளைத்தான் அதிகம் பார்த்தாள்.

“அண்ணி, இதுக்கு ஒரு பிக்கப் போட்டுக் குடுங்க.”

கித்தார்க்காரி உளியைக் கீழே வைத்தாள். “எதுக்கு?”

“இந்தக் கித்தாருக்குத்தான்.”

“அது காதுல விழுந்துச்சு டீச்சரம்மா. எதுக்குன்னு கேட்டேன். வாய்க்கு ஒரு மைக்கு, கித்தார் வயித்துக்கு ஒரு மைக்குன்னுதான இத்தன வருஷமும் பாடின?”

“அப்ப எனக்குத் தொண்டை இருந்துச்சு. இப்ப மைக்க வாயோட ஒட்டி வச்சு, அண்ணன் சத்தத்த ஏத்திவிட்டாத்தான் பின்வரிசைக்குக் கேக்குது. ஏத்தினா கித்தார் மைக்கு ஊளையிடுது. போன ஒத்திகையில நாயே எந்திரிச்சுப் போயிடுச்சு அண்ணி.”

“எந்த நாய்?”

“கூடத்து வாசல்ல படுத்திருக்குமே. என் பாட்டக் கேட்டே தூங்கி வளந்த நாய்!”

கித்தார்க்காரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உறையிலிருந்து கித்தார் வெளிப்பட்டதும் சிரிப்பு நின்றது. மணமாகி வந்த புதிதில், நாத்தனாருக்கென்று அவள் தன் கையாலேயே பலகை இழைத்து, விலா வளைத்து, முழுமையாகச் செய்து முடித்த ஒரே கித்தார் அது. மற்றவர் செய்தவற்றைப் பழுது பார்ப்பது அவள் பிழைப்பு. இது ஒன்றுதான் அவள் பிள்ளை.

“பிக்கப் போட்டா அடிப்பக்கம் வயர் செருகுற ஜாக்குக்கு ஓட்டை போடணும், தெரியுமா?”

“தெரியும். அண்ணன்கிட்ட டிரில் மிஷின் இருக்காம். நான் போட்டுத் தரவான்னு கேட்டார்.”

“சுவத்துல ஆணி அடிக்கிற மிஷினையா? இதுலயா?” கித்தார்க்காரி கித்தாரை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். “உங்கண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. இந்தப் பக்கம் நீட்டச் சொல்லாத.”

அன்று பிற்பகல், கித்தாரின் அதிர்வை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்புகள் மூன்று வகை மேசையில் பரப்பப்பட்டன. முதலாவது, நாணயம் போன்ற சிறு வில்லைகளாகக் கம்பிகள் கட்டப்பட்ட பிரிட்ஜின் அடியில், மரத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வது. மரத்தின் துடிப்பை அப்படியே சொல்வது அது. கித்தார்க்காரியின் மனம் அதில்தான் கிடந்தது. தற்காலிகமாக ஒட்டிக் காட்டினாள். டீச்சர் ஒரு சுரக்கோவையை மீட்டினாள், ஓசை தேன். பிறகு ஒலியைப் பெருக்கும் பெட்டியான பட்டறையின் சிறிய ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்டியதும் அதே வில்லை அறையின் ஓசையனைத்தையும் உறிஞ்சிக்கொண்டு கூவத் தொடங்கியது.

“நாய் ஞாபகம் வருதா?” என்றாள் டீச்சர்.

இரண்டாவது, கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டின் அடியில் கிடத்துவது. ஊளை குறைந்தது, ஆனால் மீட்டும்தோறும் தகர டப்பாவைத் தட்டியது போல் ஒரு சத்தம் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது, ஒலித்துளையின் குறுக்கே பொருத்தும் காந்தப் பட்டை. அதற்கு மரம் கேட்காது. எஃகுக் கம்பியின் அசைவு மட்டுமே கேட்கும். மரத்துக்குச் செவிடு என்பதால் எவ்வளவு ஏற்றினாலும் ஊளையிடாது.

“இதுல நான் இழைச்ச மரத்தோட குரல் முழுசா வராது” என்று கித்தார்க்காரி சற்று விம்மலாகவே சொன்னாள்.

“என் குரலும்தான் முழுசா வரல. ரெண்டும் ஜோடி சேந்துக்கட்டும்.”

அண்ணி காந்தப் பட்டையைத் தனியே எடுத்து வைத்தாள்.

டீச்சர் போனபின் அவள் கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினாள். அடிப்பக்கத்தில் தோள்வார் மாட்டும் குமிழைப் பிடுங்கினாள். கையால் திருகும் கூம்புத் துளைப்பானை அந்தச் சிறு துளையில் வைத்து, இறைவனை நினைத்து, முதல் திருகு திருகினாள். சுருளாக மரச்சீவல் வந்தது. தன் பிள்ளைக்குக் காது குத்தும் தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு அந்த உரிமையும் இல்லை. கண் இமைக்காமல் துளையைப் பார்த்துப் பார்த்துத் திருகினாள். ஜாக் இறுக்கமாக உட்கார்ந்தது. காந்தப் பட்டையைப் பொருத்தி, உட்புறமாக வயரை ஒதுக்கி, கம்பிகளை மீண்டும் ஏற்றி ஆம்ப்பில் செருகினாள்.

ஓசைக்கு அடியில் ஓர் இரைச்சல் இருந்தது. ம்ம்ம் என்று ஓயாத இரைச்சல். கம்பியைத் தொட்டாலும் நிற்கவில்லை. ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் அடங்கியது. இதற்கு மருந்து அவளுக்குத் தெரியும். மறுபடி கம்பிகளைக் கழற்றி, சிறு கண்ணாடியும் விளக்கும் உள்ளே விட்டு, கம்பிகளின் குண்டு முனைகள் வந்து உட்காரும் உட்பலகையில் மெல்லிய செப்புத்தாளை ஒட்டினாள். அதிலிருந்து ஒரு வயரை ஜாக்கின் உலோகத்தோடு சால்டர் வைத்து இணைத்தாள். இனிக் கம்பியைத் தொடும் விரலே இரைச்சலை வாங்கிக்கொள்ளும். மீட்டிப் பார்த்தாள். ஓசைக்கு முன்னும் பின்னும் மாசு மறுவற்ற மௌனம்.

இரவு உணவின்போது கணவனிடம் பெருமையை அடக்க மாட்டாமல், “இரைச்சல் போயிடுச்சு. துளிகூட இல்ல” என்றாள்.

கணவர் மைக்செட்காரர். மேடைகளுக்கும் மண்டபங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுபவர். தங்கை பாடும் கூடத்துக்கு மட்டும் அதை இறைபணியாகச் செய்பவர். அவரும் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தார்.

“அட! கூடத்து ஆம்ப்லயும் நான் இரைச்சல ஓட்டிட்டேன். இனிமே அந்தப் பொறுப்பாளர் வாயத் தொறக்க முடியாது.”

“எப்படி ஓட்டினீங்க?”

“தொழில் ரகசியம். நீ எப்படி ஓட்டின?”

“என்னோடதும் தொழில் ரகசியம்தான்.”

இருவரும் சிரித்துக்கொண்டே எழுந்து கை கழுவினார்கள்.

ஒத்திகைக்குக் குறித்த பிற்பகலிலும் வானம் மூடியே இருந்தது. கூடத்தின் தரை துடைத்தும் பளபளத்தது. சுவரோரம் ஈரம் படம் வரைந்திருந்தது. பொறுப்பாளர் முன்வரிசை நாற்காலியில் கைத்தடியை ஊன்றி அமர்ந்திருந்தார். தபால் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கியின் இரைச்சலைத் தம் பக்திக்கு நேர்ந்த பகையாகவே கருதியவர்.

“என்னய்யா, வண்டு காலி பண்ணிடுச்சா? போன வாரம் கண்ண மூடினா காதுக்குள்ள குடித்தனம் நடத்துச்சே!”

“காலி பண்ண வச்சுட்டோம் சார்” என்றார் மைக்செட்காரர். மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

டீச்சர் மேடையிலிருந்த முக்காலியில் அமர்ந்தாள். கித்தாரில் வயரைச் செருகினாள். மைக் இன்னும் அவள் முகத்துக்கு அப்பால் இருந்தது. ஒரு சுரக்கோவை மீட்டினாள். கூடத்தின் கடைக்கோடிவரை அது ஊளையின்றி, இரைச்சலின்றிச் சென்று தொட்டது. வாசலில் படுத்திருந்த நாய் காதை மட்டும் அசைத்தது. “தூங்குது பாருங்க அண்ணி!” என்று அவள் வாயசைத்துச் சொன்னாள். பின்வரிசையில் நின்ற கித்தார்க்காரிக்கு நெஞ்சு நிறைந்தது.

டீச்சர் மைக்கை இழுத்து நெருக்கினாள். கண்களை மூடினாள். இடக்கை சுரக்கோவையை அழுத்தியது. வலக்கை விரல்கள் கம்பிமேல் அமர்ந்தன. முதல் சொல்லுக்காக உதடுகள் பிரிந்து மைக்கின் உலோக வலையைத் தொட்டன.

பாட்டு வரவில்லை.

வாய் திறந்தபடியே இருந்தது. மூடிய கண்கள் விழித்துக்கொண்டன. பார்வை எங்கோ உயரத்தில் நிலைத்தது. ஒலிபெருக்கிகளிலிருந்து கனத்த ஓர் ஓங்காரம் மட்டும் எழுந்தது.

பொறுப்பாளர் கைத்தடியைச் சாய்த்துவிட்டுக் கைகூப்பினார். “உருகிட்டா… எத்தன நாள் கழிச்சுப் பாட வந்திருக்கா, உருகாம என்ன செய்வா” என்று தழுதழுத்தார். மைக்செட்காரர் தம் பெட்டியின் பின்னால் நின்று கண்ணைத் துடைத்தார். கித்தார்க்காரி உருக்கம் என்று எண்ணவில்லை. குரல் போய்விட்டது என்று எண்ணினாள். பாட வாய் திறந்தவளுக்குக் குரல் வரவில்லை, அந்தத் திகைப்பில் உறைந்திருக்கிறாள் என்றே எண்ணி நின்றாள். மூவரும் நின்றார்கள். கண்ணெதிரே ஓர் உயிர் வதைபட்டுக்கொண்டிருக்க, ஒருவர் கும்பிட்டுக்கொண்டும் ஒருவர் அழுதுகொண்டும் ஒருத்தி இரங்கிக்கொண்டும் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று பின்னால் அவர்களில் எவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

முதலில் கண்டது கித்தார்க்காரியின் கண். நாத்தனாரின் விரல்கள் கம்பியில் அமரும் விதம் அவளுக்கு மனப்பாடம். இந்த விரல்கள் அமர்ந்திருக்கவில்லை, கவ்வியிருந்தன. நகங்கள் வெளுத்து, மணிக்கட்டு வில்லாய் வளைந்து, மிக நுண்ணியதாய் ஒரு நடுக்கம் தோள்வரை ஓடியது. அந்த ஓங்காரம், தன் மேசையில் தான் கொன்றதாக நினைத்த அதே இரைச்சல்.

அறிவு எட்டுமுன் கால் ஓடியது. அவள் ஓடுவதைக் கண்டு விபரீதம் உணர்ந்த கணவர் தங்கையைப் பற்றி இழுக்கப் பாய்வதைக் கண்டாள்.

“தொடாதீங்க! அவளத் தொடாதீங்க!”

அந்தக் கூச்சலில் மைக்செட்காரர் அந்தரத்தில் நின்றார். கித்தார்க்காரி ஆம்ப்பில் செருகியிருந்த கித்தாரின் கறுத்த ரப்பர் வயரை இரு கையாலும் பற்றி முழு பலத்தோடு இழுத்தாள். வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒலிபெருக்கிகள் வெடித்தாற்போல் ஒரு முறை அதிர்ந்து அடங்கின. டீச்சர் முக்காலியிலிருந்து சரிந்தாள். கித்தார் தரையில் மோதி முறுக்காணி ஒன்று தெறித்து உருண்டது. அதை யாரும் பார்க்கவில்லை.

நெஞ்சில் காது வைத்துத் துடிப்பைக் கேட்ட பிறகே கித்தார்க்காரிக்குத் தன் மூச்சு வந்தது. “அண்ணி” என்று அவள் மடியில் கிடந்தவளின் உதடுகள் அசைந்தன. ஓசை இல்லை.

மருத்துவமனையில் இதயத்தின் ஓட்டத்தைத் தாளில் வரைந்து பார்த்தார்கள். கோடு ஒழுங்காகவே ஓடியது. உதட்டில் கடுகளவு தீப்புண். இடக்கை விரல் நுனிகளில் கம்பிகளின் தடம். “கையிலருந்து வாய்க்குப் போயிருக்கு. நடுவுல இதயம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தீங்கன்னா…” என்ற மருத்துவர் மீதியைச் சொல்லாமல் கையுறையைக் கழற்றினார். தொண்டைக்கு ஒன்றுமில்லை, அதிர்ச்சியில் அடைத்திருக்கிறது, வரும் என்றார்.

“கட்டாயம் வருமா டாக்டர்?” என்று மைக்செட்காரர் கேட்டதற்கு, “வரணும்” என்று மட்டும் விடை கிடைத்தது.

மறுநாள் காலை கித்தார்க்காரி படுக்கையருகே அமர்ந்து அவள் நெற்றியை நீவிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் கையைப் பற்றிக் காதைத் தன் வாயருகே இழுத்தாள். காற்றாய் வந்தது சொல்.

“அவனுக்கு வேண்டாம் போல அண்ணி.”

“யாருக்கு?”

அவள் கண்கள் மேலே போயின. “தொண்டைய எடுத்தான். நான் கேக்காம திரும்பவும் போய் நின்னேன். வாயத் தொறந்தேன். வாயிலேயே அடிச்சுட்டான். இனிமே பாட மாட்டேன்.”

முந்தைய நாள் அந்த விரல்களைக் கண்டபோதுகூட கித்தார்க்காரி இப்படி அஞ்சவில்லை. வாழ்நாளெல்லாம் ஒருவனையே பாடியவள், அவன் தன்னை அடித்தான் என்று நம்பிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

கித்தார்க்காரி எழுந்து வெளியே வந்தாள். வாசலில் நின்ற கணவனிடம், “கூடத்துக்கு வாங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்கணும்” என்றாள்.

கூடம் ஆளற்றுக் கிடந்தது. மைக்செட்காரர் ஆம்ப்பின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பிடுங்கியவர் அதை மனைவியிடம் நீட்டாமல் கைக்குள்ளேயே வைத்திருந்தார். அவள் அவர் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு பின்கள் மின்னின. மூன்றாவது, தடித்த பின் இருக்க வேண்டிய இடத்தில் ரம்பத்தால் அறுத்த ஒரு மொட்டை.

அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான் அறுத்தேன்.”

“எர்த்தயா?”

“வண்டு வண்டுன்னு அந்த மனுஷன் உயிர எடுத்தார். எர்த்த எடுத்தா இரைச்சல் போயிடும். தொழில்ல பல பேர் பண்றதுதான்.”

“பெட்டிய யாராச்சும் தொட்டா?”

“யாரு தொடப்போறா? அது மூலையில கெடக்கு. மைக்கு வேற பெட்டி, அதுக்கு எர்த் இருக்கு. யோசிக்காம செய்யலம்மா. கித்தார் மரம்தான? அதுல கம்பி வெறும் கம்பிதான? எதோடயும் சேராத கம்பிதான?”

கித்தார்க்காரி மெல்லத்தான் சொன்னாள்.

“வெறும் கம்பி இல்ல. நான் அடியில செப்பு ஒட்டி ஜாக்கோட சேத்துட்டேன்.”

அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. பாதாளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்ப்பவனின் வெறிப்பு இருந்தது.

ஆம்ப்பின் மூடியைத் திறந்தார்கள். கூதிரின் ஈரம் உள்ளே புகுந்து, பழைய வயரின் தோல் நைந்து, மின்சாரம் பெட்டியின் உலோகத்திலேயே ஏறி நின்றிருந்தது. எர்த் இருந்திருந்தால் அது சத்தமின்றி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். வழி அடைபட்டதனால் பெட்டியிலேயே காத்திருந்து, வயர் வழியே ஜாக்குக்கும், ஜாக்கிலிருந்து செப்புக்கும், செப்பிலிருந்து கம்பிக்கும் வந்தது. கம்பியில் விரல், விரலுக்கு அப்பால் நெஞ்சு, நெஞ்சுக்கு அப்பால் உதடு, உதட்டுக்கு அப்பால் எர்த் உள்ள மைக். ஒருவர் செய்ததை மற்றவர் செய்யாதிருந்தால் ஒன்றும் நேர்ந்திருக்காது. அவளுக்கு மௌனம் தர விரும்பிய இரண்டு கைகள், ஒரே கூரையின் கீழ், ஒன்றுக்கொன்று சொல்லாமல், சாவுக்கு முழுப் பாதை போட்டிருந்தன.

“சொல்லியிருக்கலாம்ல நீ?”

“நீங்க சொன்னீங்களா? தொழில் ரகசியம்னீங்க.”

“நீயும் அதத்தான சொன்ன.”

ஆம்ப்பின் மூடியை மறுபடி பொருத்தினார்கள். கடைசியில் அவர், “அவகிட்டச் சொல்ல வேண்டாம்மா. மழையில ஏதோ கோளாறுன்னு சொல்லிடலாம். கூடப் பொறந்தவனே இப்படிப் பண்ணினான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா” என்றார்.

“அவ என்ன நெனச்சுக்கிட்டிருக்கா தெரியுமா? சாமி அடிச்சுடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா.” அவள் அவர்பக்கம் திரும்பினாள். “நாம பண்ணினத அவன் தலையில ஏத்திட்டு, எதுவும் தெரியாத மாதிரி நிக்கச் சொல்றீங்களா? அவ பாடாமலே போயிடுவா.”

மைக்செட்காரர் அந்தப் பிளக்கை வயரிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

டீச்சர் வீடு திரும்பிய அன்று இருவரும் அவள்முன் நின்றார்கள். அவர் பிளக்கை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். சொல்ல ஆரம்பித்தவரால் முடிக்க இயலவில்லை; மீதியைக் கித்தார்க்காரி சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, குறைக்கவில்லை. எர்த்தை அறுத்ததும், செப்பை ஒட்டியதும், தட்டுக்கு முன்னால் அமர்ந்து சிரித்ததும், அவள் துடித்தபோது மூவரும் பார்த்துக்கொண்டு நின்றதும்வரை சொன்னாள்.

டீச்சர் பிளக்கைக் கையிலெடுத்து மொட்டையான இடத்தை விரலால் தடவினாள். நிமிர்ந்தாள்.

“அப்ப… அவன் இல்லையா?” காற்றாகத்தான் வந்தது.

“இல்ல. நாங்கதான்.”

அவள் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. மார்பு ஏறி இறங்கியது. திடீரென்று அந்த அறையில் ஒரு குரல் வெடித்தது.

“அறிவிருக்கா உங்களுக்கு? ரெண்டு பேருக்கும்தான் கேக்கறேன்! ஒரே தட்டுல சாப்பிடுறீங்க, ஒருத்தருக்கொருத்தர் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா? வகுப்புல பசங்க இப்படிப் பண்ணினா முட்டி போட வைப்பேன்!”

மூவரும் திடுக்கிட்டார்கள், கத்தியவளும் சேர்ந்துதான். கத்தியது அவள் குரல். சிறுத்த, சுருதி கலையாத அதே குரல். டீச்சர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“இரையாதம்மா, டாக்டர் சொன்னார்ல…” என்று அண்ணன் அழுதுகொண்டே கெஞ்சினார்.

“இரைய வச்சது யாரு?” என்று மெல்லக் கேட்டாள் அவள். கோபம் வடிந்த இடத்தில் அழுகை வந்தது, வெகுநேரம் அழுதாள். அண்ணி தோளைத் தொட வந்தபோது கையைத் தட்டிவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டபின் சொன்னாள்: “பாடறேன். அவன் வேண்டாம்னு சொல்லாதப்ப நான் ஏன் நிறுத்தணும்? ஆனா அந்தக் கம்பியிலயும் அந்த மைக்குலயும் மொதல்ல நீங்க ரெண்டு பேரும் கைய வைங்க. என் கண்ணு முன்னால.”

கித்தார்க்காரி தெறித்த முறுக்காணிக்குப் பதில் புதிது பொருத்தினாள். மைக்செட்காரர் ஆம்ப்பின் நைந்த வயர்களை மாற்றினார்; மூன்று பின்னும் முழுதாயுள்ள புதுப் பிளக்கை மாட்டினார்; கூடத்துச் சுவரின் எர்த்தையும் மீட்டர் வைத்துச் சோதித்தார். ஒரு முறை அவர் சோதிக்க, மறுமுறை அவர் சொல்லச் சொல்லக் கித்தார்க்காரி சோதித்தாள். எர்த் திரும்பியதும் மெல்லிய இரைச்சலும் கொஞ்சம் திரும்பியது.

“என்னய்யா, வண்டு மறுபடி குடி வந்துடுச்சே?” என்றார் பொறுப்பாளர்.

“இருக்கட்டும் சார். அது இருக்கறவரைக்கும் நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

நடந்ததை அறிந்திருந்த பொறுப்பாளர் தலைகுனிந்தார்.

டீச்சர் முன்வரிசையில், கைகளை மடியில் இறுகக் கோத்து அமர்ந்திருந்தாள். மேடையில் கித்தாரை ஏந்தியபடி கித்தார்க்காரி நின்றாள். கம்பிக்கும் மைக்குக்கும் இடையே மீட்டர் காட்டிய சுழியத்தை இருமுறை கண்டிருந்தும் புதுப் பிளக்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இடக்கையால் ஆறு கம்பிகளையும் ஒருசேரப் பற்றினாள். வலக்கையை நீட்டினாள். கணவர் அதைப் பற்றிக்கொண்டார். எது வந்தாலும் அவள் வழியாக அவருக்கும், அவர் வழியாக அவளுக்கும் வரட்டும் என்பதுபோல் இருவரும் ஒரே வயராக நின்றார்கள். அவர் குனிந்து மைக்கின் உலோகத்தில் உதடு பதித்தார்.

வாழ்நாளில் மைக்கின்முன் “ஹலோ, ஹலோ” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லி அறியாதவர் அவர். பாட்டு வராது. அதனால் பேச்சாகவே, பின்வரிசைக்கு எட்டாத தாழ்ந்த குரலில் வேண்டினார்.

“அப்பா, உன்னப் பாட வர்றவங்களுக்கு எங்க கையால ஒரு கேடும் வர வேண்டாம். எங்க கெட்டிக்காரத்தனத்துலேர்ந்து எங்களையும் காப்பாத்து.”

ஒன்றும் நேரவில்லை. கைகள் பிரியவில்லை. கூடம் முழுவதும் அந்த வேண்டுதலின் ஈரம் மட்டும் நின்றது.

டீச்சர் எழுந்து மேடையேறி வந்தாள். கித்தாரை வாங்குமுன் அண்ணியின் முன் தலை குனிந்தாள். கித்தார்க்காரி தன் கையை அந்தத் தலைமேல் வைத்தாள்.

“நல்லா இரு கண்ணு. உன் குரல் உன்ன விட்டுப் பிரியாம இருக்கட்டும். நீ கூப்பிடறவன் உனக்கு எப்பவும் காது குடுக்கட்டும்.”